தொட்டிக்குள் இறங்கச் சொல்பவருக்கு முதலில் பயிற்சி கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாயப்பட்டறையிலோ பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலோ கழிவுத் தொட்டிக்குள் இறங்கியவர் மயங்கி விழுந்தார், அவரைத் தூக்கப் போனவரும் விழுந்தார் என்று ஒரு செய்தி வந்தால், சில நாள் கழித்து 'தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கப்படும்' என்று இன்னொரு செய்தியும் வருகிறது. அந்த இரண்டாவது செய்தியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தொட்டிக்குள் யாரும் ஆசைப்பட்டு இறங்குவதில்லை. ஒரு சூப்பர்வைசர் இறங்கச் சொல்கிறார். அவருக்கு மேனேஜரோ முதலாளியோ போனில் சொல்லியிருப்பார். இறங்குகிறவரை வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, இறங்கச் சொல்கிறவர்களை வெளியே விட்டுவிடுவதுதான் இப்போதைய பயிற்சிகளின் பெரிய ஓட்டை.

பயிற்சியே நடப்பதில்லை என்று சொல்ல மாட்டோம். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள் வந்தால் உறுதிமொழி, பேட்ஜ், போஸ்டர் எல்லாம் உண்டு. வெளிநாட்டு வாங்குவோரின் ஆடிட் நெருங்கினாலும் ஒரு பயிற்சி நடக்கும். மண்டபத்தில் நாற்காலி போட்டு, திரையில் படம் காட்டி, மதியச் சாப்பாட்டோடு சான்றிதழ் கொடுத்து அனுப்புவார்கள். வந்திருப்பவர்களைப் பார்த்தால் பாதிப்பேர் ஹெச்.ஆர். அலுவலர்கள், மீதிப்பேர் பகல் ஷிப்டில் ஆள் மிச்சமாக இருந்த பிரிவுகளிலிருந்து பிடித்து அனுப்பப்பட்டவர்கள். தொட்டி சுத்தம் செய்யும் வேலை ஞாயிற்றுக்கிழமையோ இரவு ஷிப்டிலோ நடக்கும். அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் இந்த மண்டபத்துக்கு வந்திருக்கவே மாட்டார்.

சாயப்பட்டறைத் தொட்டியில் வாயு எப்படிச் சேருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 'விஷவாயு இருக்கும், ஜாக்கிரதை' என்று மட்டும் சொல்லும் பயிற்சியால் பயன் இல்லை. எப்போது, ஏன் வருகிறது என்று தெரிந்த சூப்பர்வைசர்தான் அதைத் தடுக்க முடியும். ரியாக்டிவ் சாயம் பருத்தித் துணியில் ஏற உப்பு வேண்டும். சில பட்டறைகள் சாதாரண உப்பைப் போடுகின்றன, சில கிளாபர் உப்பு என்கிற சோடியம் சல்பேட்டைப் போடுகின்றன. அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராமுக்கு மேலும் போகும். இந்தச் சல்பேட் கழிவுநீரோடு தொட்டிக்கு வருகிறது. நீர் தேங்கி, அடியில் சேறு படிந்து, காற்றுப் படாமல் கிடந்தால், சேற்றிலுள்ள பாக்டீரியா சல்பேட்டைச் சல்பைடாக மாற்றிவிடும். சல்பர் சாயம் போடும் பட்டறையில் சோடியம் சல்பைடு நேரடியாகவே வந்து சேருகிறது. இதுவரை அது நீரில் கரைந்த சல்பைடுதான். வாயுவாக எவ்வளவு கிளம்பும் என்பது நீரின் பி.எச். அளவைப் பொறுத்தது. பி.எச். என்பது அமில, காரத் தன்மையின் அளவு; 7 நடுநிலை, அதற்கு மேலே காரம், கீழே அமிலம். பி.எச். 9 இருக்கும்போது கரைந்த சல்பைடில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் ஹைட்ரஜன் சல்பைடு வடிவில் இருக்கும். 7க்கு இறங்கினால் பாதி. 6க்கு வந்தால் 90 சதவீதம்.

சாயக் கழிவு காரத்தன்மை உள்ளது என்பதால் அதை நடுநிலைக்குக் கொண்டுவர அமிலம் விடுவது எல்லா இடத்திலும் நடக்கும் வேலை. தொட்டி சுத்தம் செய்யும் நாளில் அமில டோசிங் பம்பை நிறுத்த மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று மேலே சொன்ன மூன்று எண்களைத் தெரிந்த சூப்பர்வைசருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சேற்றை மண்வெட்டியால் கிளறுவதும், அதில் நடப்பதும், குழாயால் பீய்ச்சுவதும் சோடா பாட்டிலைக் குலுக்குகிற காரியம். மேலே நின்று பார்த்தபோது மீட்டர் பூஜ்யம் காட்டிய தொட்டி, ஆள் இறங்கிச் சேற்றில் நாலு அடி வைத்த பிறகு வேறு தொட்டி ஆகிவிடும்.

அழுகிய முட்டை வாடை வந்தால் வாயு இருக்கிறது, வாடை போய்விட்டால் வாயுவும் போய்விட்டது என்பது தொழிற்பேட்டைகளில் பரவலாக உள்ள நம்பிக்கை. இதைவிட ஆபத்தான நம்பிக்கை வேறு இல்லை. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்கு இந்த வாயுவைக் கண்டுபிடித்துவிடும். பத்து லட்சத்தில் 100 பங்கு, அதாவது 100 பி.பி.எம். ஆனால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். 500 தாண்டினால் தள்ளாட்டம், மயக்கம். 1000 பக்கம் போனால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, எட்டு மணி நேர வேலைக்குச் சராசரி 10 பி.பி.எம்., குறுகிய நேரத்துக்கு 15 பி.பி.எம். என்று வரம்பு வைத்தது. காற்றைவிட இந்த வாயு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கனமானது என்பதால் தொட்டியின் அடியில்தான் தங்கும்.

மெழுகுவர்த்தியையோ விளக்கையோ கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆக்சிஜன் 16 சதவீதம் அளவுக்குக் குறைந்தால்தான் சுடர் அணையும். ஆளைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தும் சுடர் நிம்மதியாக எரிந்துகொண்டிருக்கும். தொட்டியில் மீத்தேன் 5 சதவீதம் சேர்ந்திருந்தாலோ, சோதிக்கப் போனவரே வெடிக்குத் திரி வைத்தவர் ஆகிவிடுவார்.

ஆகவே மீட்டர் வேண்டும். ஆக்சிஜன், எரியும் வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு ஆகிய நான்கையும் காட்டும் கைமீட்டர். இதை வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் நிறுவனங்கள் பல. ஆடிட்டருக்குக் காட்ட அது போதும். சூப்பர்வைசர் பயிற்சியில் குறைந்தது அரை நாள் இந்த ஒரு கருவிக்கு ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஏனென்றால் இதில் தப்புச் செய்ய இடம் அதிகம். தொட்டி வாயிலில் நின்றுகொண்டு மீட்டரை ஆன் செய்வார்கள். பல மீட்டர்களில் ஆன் செய்ததும் சுற்றியுள்ள காற்றையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. கெட்ட காற்றில் நின்று பூஜ்யம் வைத்தால், உள்ளே போன பிறகு மீட்டர் பொய்தான் சொல்லும். கட்டடத்துக்கு வெளியே, ஜெனரேட்டர் புகை படாத இடத்தில் ஆன் செய்ய வேண்டும். அடுத்தது 'பம்ப் டெஸ்ட்' (bump test) எனப்படும் தினச் சோதனை. சிறு சிலிண்டரில் வரும் சோதனை வாயுவைக் காட்டி நான்கு சென்சாரும் அலறுகின்றனவா என்று பார்ப்பது. ஒரு நிமிட வேலை. அந்தச் சிலிண்டரை வாங்காமல் மீட்டரை மட்டும் வாங்குகிறவர்கள்தான் அதிகம். ஆக்சிஜன் சென்சாரும் ஹைட்ரஜன் சல்பைடு சென்சாரும் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகளில் தேய்ந்துவிடும். தேய்ந்த ஹைட்ரஜன் சல்பைடு சென்சார் பல சமயம் அழகாகப் பூஜ்யம் காட்டிக்கொண்டே இருக்கும்.

அளக்கும்போது மேல், நடு, அடி என மூன்று மட்டத்தில் அளக்க வேண்டும். ஆழமான தொட்டியில் நான்கடிக்கு ஒரு முறை. உறிஞ்சும் பம்பும் குழாயும் உள்ள மீட்டர் என்றால், 6 மீட்டர் குழாய் வழியாகக் காற்று வந்து சேர ஏறக்குறைய 20 விநாடி ஆகும், அதன்பிறகு சென்சார் நிலைபெற ஒரு நிமிடம் போல. எனவே ஒவ்வொரு மட்டத்திலும் இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். குழாயை விட்டதும் எடுத்துவிட்டு 'எல்லாம் ஓகே' என்பதுதான் வழக்கமாகப் பார்ப்பது. குழாய் நுனி நீரில் முங்கினால் பம்ப் தண்ணீரை இழுத்து மீட்டரே பழுதாகும், அதனால் நுனியில் வடிகட்டி மாட்ட வேண்டும். பம்ப் இல்லாத மீட்டராக இருந்தால் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கி, இரண்டு நிமிடம் விட்டு, மேலே எடுத்து உச்ச அளவைப் பார்க்க வேண்டும். எடுத்த நேரத்து எண்ணைப் பார்த்தால், மீட்டர் மேலே வரும்போதே அது இறங்கியிருக்கும்.

எண்களைப் படிக்கும் வரிசையும் முக்கியம். முதலில் ஆக்சிஜன், பிறகு எரியும் வாயு, பிறகு நச்சு வாயு. சாதாரண எரிவாயு சென்சார் வாயுவை உள்ளே எரித்துப் பார்த்து அளக்கிறது. ஆக்சிஜன் மிகவும் குறைந்த இடத்தில் அது எரியாது, தொட்டி நிறைய மீத்தேன் இருந்தும் குறைவாகக் காட்டும். ஆக்சிஜன் 19.5க்கும் 23.5க்கும் இடையில், எரியும் வாயு அதன் வெடிக்கும் கீழ்வரம்பில் (வெடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு, மீத்தேனுக்கு 5 சதவீதம்) பத்தில் ஒரு பங்குக்குக் கீழே, ஹைட்ரஜன் சல்பைடு 10 பி.பி.எம்.க்குக் கீழே. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் யாரும் இறங்கக் கூடாது. சரியாக இருந்தாலும், இறங்குகிறவர் நெஞ்சில் ஒரு மீட்டர் அலறும் நிலையில் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

காற்றடிப்பது இன்னொரு பாடம். மூடியைத் திறந்து வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் போதும் என்பது கனமான வாயுவுக்குப் பொருந்தாது. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம் உள்ள தொட்டியின் கொள்ளளவு 36 கன மீட்டர். மணிக்கு 1500 கன மீட்டர் என்று எழுதிய புளோயரைக் கொண்டுவந்தால், குழாயில் இரண்டு வளைவு வந்ததும் கையில் கிடைப்பது அதில் பாதிதான் என்று வைத்துக்கொள்வது நல்லது. நிமிடத்துக்கு 12.5 கன மீட்டர். கொள்ளளவை இதனால் வகுத்து 7.5ஆல் பெருக்கினால், அதாவது தொட்டியின் கொள்ளளவைப்போல ஏழரை மடங்கு காற்று உள்ளே போக, ஏறக்குறைய 22 நிமிடம் வருகிறது. அவ்வளவு நேரம் அடித்த பிறகு அளக்க வேண்டும், ஆள் உள்ளே இருக்கும் வரை நிறுத்தாமல் அடிக்க வேண்டும். குழாய் நுனி தொட்டியின் அடிக்கு ஓரடி மேலே இருக்க வேண்டும். மேலே மாட்டி வைத்தால் மேலே உள்ள நல்ல காற்றுதான் சுற்றும். புளோயர் காற்றை எடுக்கும் வாய் டீசல் ஜெனரேட்டர் பக்கம் இருந்தால், கார்பன் மோனாக்சைடை நாமே உள்ளே அனுப்புகிறோம். ஆக்சிஜன் சிலிண்டரைத் தொட்டிக்குள் திறந்துவிடுவது கூடவே கூடாது. ஆக்சிஜன் 23.5 தாண்டினால் உடுத்திய துணியே சுலபமாகப் பற்றும்.

தொட்டிக்குள் வரும் எல்லா வழியையும் அடைப்பது என்ற ஒன்றைப் பல பயிற்சிகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. சாயப்பட்டறையில் இது ஒரு வரி விஷயம் இல்லை. 500 கிலோ துணி போட்டுச் சாயம் ஏற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில், கிலோவுக்கு ஆறு லிட்டர் நீர் என்று வைத்தாலும் 3,000 லிட்டர் இருக்கும். சாயம் ஏற்றும் பிரிவில் உள்ளவருக்குத் தொட்டியில் ஆள் இருப்பது தெரியாது. பேட்ச் முடிந்தது, வால்வைத் திறந்தார். சில நிமிடங்களில் சூடான 3,000 லிட்டர் வந்து சேறு முழுவதையும் கலக்கிவிடும். வால்வை மூடி 'திறக்காதே' என்று சொல்வது அடைப்பு ஆகாது. வால்வுக்குப் பிறகு குழாயில் தகடு வைத்து மூட வேண்டும் அல்லது குழாயைக் கழற்றிவிட வேண்டும். பம்ப், கலக்கி, அமில டோசிங் எல்லாவற்றுக்கும் மின்பலகையில் ஆளுக்கொரு பூட்டு. சாவி, உள்ளே இறங்குகிறவரின் பாக்கெட்டில். சூப்பர்வைசரிடம் கூட இருக்கக் கூடாது. ஷிப்ட் மாறும் நேரத்தில் பூட்டைக் கழற்றச் சொல்லி நெருக்கடி வரும் என்பதையும் பயிற்சியில் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது மீட்பு. அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986இலேயே எச்சரித்தது. நம் ஊர்ச் செய்திகளும் அதே மாதிரிதான் வருகின்றன. முதலில் விழுந்தவர் ஒருவர், பின்னால் விழுந்தவர்கள் இருவர். கூட வேலை செய்தவர் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு மேலே நிற்க மனசு கேட்காது, உண்மைதான். அதனால்தான் இறங்காமல் தூக்கும் ஏற்பாடு வேலை தொடங்கும் முன்னாலேயே இருக்க வேண்டும். தொட்டி வாயின்மேல் மூன்றுகால் தாங்கி, கையால் சுற்றும் வின்ச், உள்ளே இறங்குகிறவர் உடலில் முழு உடல் பட்டை, அதன் முதுகு வளையத்தில் கயிறு. இடுப்பில் மட்டும் பெல்ட் கட்டினால், மயங்கிய ஆளைத் தூக்கும்போது உடல் இரண்டாக மடங்கி வாயிலில் சிக்கிக்கொள்ளும். மூளை ஆக்சிஜன் இல்லாமல் தாங்குவது நாலைந்து நிமிடம்தான். தீயணைப்பு வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் அதற்குள் வந்து சேராது.

துணி முகமூடி, கொரோனா காலத்து முகமூடி, வடிகட்டி மாட்டிய முகமூடி இவை எதுவும் தொட்டிக்கு உதவாது. வடிகட்டி, வாயுவைப் பிடிக்குமே தவிர, இல்லாத ஆக்சிஜனைக் கொண்டுவராது. முதுகில் சிலிண்டர் சுமக்கும் மூச்சுக் கருவி இருந்தாலும் கணக்குத் தெரிய வேண்டும். 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தம் என்றால் 1,800 லிட்டர் காற்று. கடின வேலையில் நிமிடத்துக்கு 40 லிட்டர் போகும் என்று கொண்டால் 45 நிமிடம். 50 பார் பக்கம் இறங்கும்போது விசில் அடிக்கும், அப்போது கையில் இருப்பது ஏழெட்டு நிமிடம். உள்ளே போய்த் திரும்பும் நேரத்தை இதிலிருந்து கழிக்க வேண்டும். தொட்டி வாய் ஒன்றரை அடி என்றால் சிலிண்டரோடு ஆள் நுழையவே முடியாது. கருவி வாங்கும் முன் வாயை அளந்து பார்த்த நிறுவனங்கள் குறைவு.

இவ்வளவும் சூப்பர்வைசருக்கு. முதலாளிக்கும் மேனேஜருக்கும் இதையே திரும்பச் சொல்லி நேரத்தை வீணாக்கக் கூடாது. அவர்களுடைய வகுப்பு வேறு. தொட்டிக்குள் எதற்காக இறங்குகிறார்கள் என்ற கேள்வியில் அது தொடங்க வேண்டும். பெரும்பாலும் பம்ப் அடைத்துக்கொண்டது என்பதற்காகத்தான். பின்னலாடைத் துணியிலிருந்து உதிரும் பஞ்சு கழிவுநீரோடு வந்து பம்பின் வாயை அடைக்கிறது. தொட்டிக்கு முன்னால் பஞ்சு பிடிக்கும் சல்லடையைப் போட்டு, அதை மேலிருந்தே எடுத்துச் சுத்தம் செய்யும்படி அமைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். பம்பை வழிகாட்டிக் கம்பியில் நிறுத்திச் சங்கிலியால் மேலே இழுக்கும்படி மாட்டினால் பழுது பார்க்க ஆள் இறங்க வேண்டாம். தொட்டியின் அடியைச் சரிவாகக் கட்டிச் சேற்றைப் பம்பிலேயே எடுத்துவிட்டால், உறிஞ்சு லாரிக்கும் வேலை சுலபம். இவை எதையும் சூப்பர்வைசரால் செய்ய முடியாது. பணம் ஒதுக்குகிறவர்தான் செய்ய முடியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு நம் தொழில் மாறியது. நீரைச் சவ்வு வழியாக வடிகட்டும் ஆர்.ஓ., ஆவியாக்கி என்று பெருந்தொகை போட்டார்கள். சேகரிப்புத் தொட்டி மட்டும் பல இடங்களில் பழைய கட்டுமானத்திலேயே நிற்கிறது.

முதலாளிகள் வகுப்பின் இரண்டாவது பாதி சட்டம். தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு, நச்சு வாயு இருக்கக்கூடிய அறை, தொட்டி, குழி எதற்குள்ளும், தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் சான்று கொடுத்தாலன்றி, அல்லது மூச்சுக் கருவியும் வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிற்றோடு இணைந்த பெல்ட்டும் இருந்தாலன்றி, யாரையும் அனுப்பக் கூடாது என்றது. 36ஏ பிரிவு, உள்ளே கொண்டுபோகும் கைவிளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. 230 வோல்ட் ஹோல்டரில் பல்பை மாட்டி ஈரத் தொட்டிக்குள் விடுவது இன்றைக்கும் நடக்கிறது. அந்தச் சட்டம் உட்பட 13 சட்டங்களைச் சேர்த்து 2020ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பு இயற்றப்பட்டது. எந்தச் சட்டத்தின் பெயரில் பார்த்தாலும் தொழிலிடத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பது வேலை கொடுப்பவரின் பொறுப்புத்தான். 'எல்லாப் பொறுப்பும் காண்ட்ராக்டருடையது' என்று முத்திரைத் தாளில் எழுதி வாங்கிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கும் முதலாளிகளுக்கு இந்த ஒரு வரியைப் புரிய வைத்தாலே வகுப்புக்கான செலவு வரவாகிவிடும்.

பட்டறைக்குள் இருக்கும் தொழிலாளர் விடுதி, கேண்டீன், கழிப்பறை ஆகியவற்றின் செப்டிக் டேங்க் வேறு கணக்கு. அங்கே 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளுவோர் பணித் தடைச் சட்டம் வருகிறது. அதன் 7ஆம் பிரிவு செப்டிக் டேங்கில் ஆளை இறக்கும் அபாயகரமான சுத்திகரிப்பைத் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஐந்தாண்டு, ஐந்து லட்சம். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20 அன்று தீர்ப்பளித்தது. விடுதி வார்டன் ஒரு போனில் லாரியையும் இரண்டு ஆட்களையும் வரவழைத்துவிடுகிறார். அவரும் இந்தப் பயிற்சிக்கு வர வேண்டியவர் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

சூப்பர்வைசரும் முதலாளியும் சேர்ந்து உட்கார வேண்டிய பகுதி ஒன்று உண்டு. அது வேலை அனுமதிச் சீட்டு. எந்தத் தொட்டி, என்ன வேலை, எந்தெந்த வழிகள் அடைக்கப்பட்டன, மூன்று மட்டத்திலும் மீட்டர் காட்டிய எண், அளந்த நேரம், இறங்குகிறவர் பெயர், மேலே காவல் நிற்பவர் பெயர், கொடுத்தவர் கையெழுத்து, பெற்றவர் கையெழுத்து. ஒரு ஷிப்டுக்கு மேல் செல்லாது. அரை மணிக்கு மேல் வேலை நின்றால் மறுபடி அளந்து எழுத வேண்டும். காவல் நிற்பவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது, அவர் உள்ளே இறங்கவும் கூடாது. சீட்டு, பேனா எல்லாம் எளிது. கடினமானது, சீட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சூப்பர்வைசர் சொல்வது. 'ஷிப்மென்ட் நிக்குது, பத்து நிமிஷ வேலைதானே, இறக்கி விடு' என்று மேலே இருந்து போன் வரும்போது, மாதச் சம்பளத்தில் இருக்கும் ஒருவர் மறுத்துப் பேச முடியுமா? வேலையை நிறுத்தும் அதிகாரம் சூப்பர்வைசருக்கு உண்டு, அதற்காக அவர் மேல் நடவடிக்கை இல்லை என்று முதலாளி தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்து, அதே வகுப்பில் எல்லோர் முன்னும் அதைப் படிக்க வேண்டும். இது இல்லாமல் சூப்பர்வைசருக்குக் கொடுக்கும் மற்றப் பயிற்சியெல்லாம் பாதிதான்.

இதைச் சோதித்தும் பார்க்கலாம். பயிற்சியின் கடைசியில் ஒவ்வொரு சூப்பர்வைசருக்கும் பயிற்றுநர் மேனேஜர் போலப் போன் செய்து நெருக்க வேண்டும். மீட்டர் ஹைட்ரஜன் சல்பைடு 14 காட்டுகிறது, லாரி வாசலில் நிற்கிறது, ஆள் பட்டை கட்டித் தயாராக இருக்கிறார். மரியாதை குறையாமல், தெளிவாக, காரணத்தோடு 'முடியாதுங்க சார்' என்று சொல்லத் தெரிந்தவருக்கு மட்டும் சான்றிதழ். எழுத்துத் தேர்வில் 90 மதிப்பெண் வாங்கியவர்கள் இதில் தடுமாறுவார்கள்.

ஒரு வகுப்புக்கு 15 பேருக்கு மேல் வேண்டாம், மூன்று பேருக்கு ஒரு மீட்டராவது கையில் இருக்க வேண்டும். இரண்டு நாளில் ஒரு நாள் முழுவதும் வெறுந்தொட்டி அருகே. 70 கிலோ மணல் மூட்டைக்குப் பட்டை கட்டி, மூன்றுகால் தாங்கியில் எத்தனை நிமிடத்தில் மேலே வருகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் தடவை எல்லோருக்கும் நேரம் அதிகம் ஆகும், கயிறு வாயிலில் சிக்கும். சிக்கட்டும், அதற்குத்தான் பயிற்சி. ஒடிசா, பீகார், ஜார்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள்தான் இன்று பல பட்டறைகளில் தொட்டி வேலை செய்கிறார்கள். தமிழ் மட்டும் தெரிந்த சூப்பர்வைசர், 'மேலே வா', 'நிறுத்து', 'காற்றுப் போதவில்லை' என்ற மூன்றுக்கும் கைச்சைகையும் கயிற்றை இழுக்கும் கணக்கும் அவர்களோடு ஒத்துப் பழக வேண்டும். ஆண்டுக்கொரு முறை திரும்பப் பயிற்சி. தொட்டியிலோ ரசாயனத்திலோ மாற்றம் செய்தால் அந்த வாரமே.

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சி நடந்ததா என்று ஆய்வில் கேட்கும்போது வருகைப் பதிவேட்டைப் பார்ப்பதோடு நிற்க வேண்டாம். பணியில் இருக்கும் சூப்பர்வைசரிடம் மீட்டரைக் கொடுத்து ஆன் செய்து அளந்து காட்டச் சொல்லுங்கள், பூர்த்தி செய்த பழைய அனுமதிச் சீட்டு பத்தை எடுத்துப் பாருங்கள். எல்லாச் சீட்டிலும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஆக்சிஜன் எப்போதும் 20.9 என்றிருந்தால் விஷயம் விளங்கிவிடும். சென்னையிலுள்ள மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் நடத்துவதுபோன்ற சூப்பர்வைசர் பயிற்சிகளை, திருப்பூரிலேயே, ஞாயிற்றுக்கிழமைகளில், சாயப்பட்டறைச் சங்கங்களோடு சேர்ந்து நடத்த ஏற்பாடு செய்தால் சிறு பட்டறைகளும் ஆள் அனுப்பும்.

உங்கள் நாளிதழிடம் கேட்பது ஒன்று. இப்படி ஒரு மரணம் நேர்ந்தால் உங்கள் நிருபர்கள் இறந்தவர் பெயர், ஊர், வயது, குடும்பம் எல்லாம் சரியாகக் கேட்டு எழுதுகிறார்கள். கூடவே இவற்றையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்: இறங்கச் சொன்னது யார், அவருக்கு இதில் பயிற்சி இருந்ததா, அன்று மீட்டர் காட்டிய எண் என்ன, அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டவர் யார்.

இப்படிக்கு,
தொழிலகப் பாதுகாப்புப் பயிற்றுநர்கள் சிலர்,
திருப்பூர்.